ஏழாவது முகப்பு

காலை விமானத்தில் மேடானிலிருந்து வந்தவர்கள்
விடுதிக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு
நேரே என் முன்னால் வந்து நிற்கிறார்கள்.
இதயத்துக்கு ஒரு பொட்டலம் உண்டு எங்களிடம்,
மூட்டுக்கு ஒன்று,
முழு உடம்புக்கும் பசியாறலோடு சேர்த்து ஒன்று.
பாக்கேஜ் என்றுதான் சொல்ல வேண்டும்.
நான் எனக்குள் பொட்டலம் என்றே சொல்லிக்கொள்வேன்,
கச்சான் மடித்துக் கொடுப்பதுபோல.

பதினோரு வருஷமாக இதே நாற்காலி.
கண்ணாடிக்கு அடியில் கை நுழையும் அளவு இடைவெளி.
அட்டை நீட்டும் கை நீட்டியபடியே இருக்கும்.
ரொக்கம் எண்ணும் கை
கடைசித் தாளை விடுவதற்கு முன்
ஒரு கணம் நிற்கும்.

போன செவ்வாய்க்கிழமை
சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு லாரிக்காரர்.
வீரையா என்று அடையாள அட்டையில்.
மனைவிக்குப் பித்தப்பையில் கல்.
காப்புறுதிக்காரர்களின் உத்தரவாதக் கடிதம்
பத்து மணிக்கு வரும் என்றேன்.
பன்னிரண்டுக்கு என்றேன்.
மூன்றரைக்கு வந்தது:
'முன்பே இருந்த நோய்.'

அவர் சத்தம் போடவில்லை.
"அவளுக்கே தெரியாம
அது எப்படிம்மா முன்னயே இருந்திருக்கும்?"

பஞ்சுக்குக் குறியீடு உண்டு எங்களிடம்.
கையுறைக்கு உண்டு, ஜோடிக் கணக்கில்.
இதர செலவு என்று ஒரு வரி உண்டு,
அதற்குள் என்ன இருக்கிறதென்று
எனக்கும் தெரியாது.
அவர் கேட்டதற்குக் குறியீடு இல்லை.

எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது அந்த மாதம்.
மருத்துவச் செலவு கூடிவிட்டதால்
சந்தாவைக் கூட்டுகிறார்களாம்.
கூடிய செலவு என்பது
நான் விரலால் தட்டிய எண்கள்தானே.
கட்டாமல் விட்டேன்.
நான் ஏஜெண்டு வழியாக வந்தவள்,
ஆஸ்பத்திரி எனக்குத் தந்தது சீருடை மட்டும்.

சந்தாவை விட்ட இரண்டாம் மாதம்
குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது.
இடப்பக்கம். பட்டாணி அளவு.

ஒரு வெள்ளிக் கிளினிக்கில் தொட்டுப் பார்த்த தாதி
பேச்சைக் குறைத்துக்கொண்டு
பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள்.

புதன் இரவு ஷிஃப்ட். கூட்டமில்லை.
மதிப்பீட்டுத் திரையில் என் பெயரைத் தட்டினேன்:
செண்பகவல்லி த/பெ முனியன், நாற்பத்து மூன்று.
ஸ்கேன். ஊசிச் சோதனை. ஒருவேளை என்றால் அறுவை.
இரு படுக்கை அறை, மூன்று இரவு.
தொகை வந்தது.
அந்தத் தொகையை மற்றவர்களிடம்
எத்தனை நிதானமாகச் சொல்லியிருக்கிறேன்.
பணம் செலுத்துபவர் உறவுமுறை? என்று கேட்டது திரை.
'நானே' என்று தட்டினேன்.
அச்சிடவா என்றது.
அழித்துவிட்டேன்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி. என் எண் 1184.
பலகையில் 1097.
இரும்பு நாற்காலி வரிசையில்
ஒருவர் தன் பையைத் தூக்கி மடியில் வைத்து
எனக்கு இடம் விட்டார்.
வீரையா.
கண்ணாடி இல்லாமல் பார்த்ததால்
எனக்குத்தான் அடையாளம் தெரிய நேரமானது.

"கட்டில் கெடச்சிருச்சும்மா.
தாழ்வாரத்துலதான், ஆனா கட்டில்."
கொஞ்சம் கழித்து,
"நீங்களுமா?"
தலையசைத்தேன்.
அதற்குமேல் கேட்கவில்லை அவர்.
பிளாஸ்டிக் பையில் இருந்த கோப்பியை
நெகிழிக் குவளையில் பாதி ஊற்றி நீட்டினார்.
வாங்கிய என் கையைப் பார்த்தேன்.

டாக்டருக்கு என் தம்பி மகள் வயதுதான் இருக்கும்.
முந்தின நாளிலிருந்து தூங்காத கண்.
ஸ்கேனுக்குப் பதினான்கு வாரம் என்றார்,
பிறகு குரலைத் தாழ்த்தி,
"வெளிய எடுத்தா சீக்கிரம்."
வெளியே என்றால் எங்கே என்று
எனக்கா தெரியாது.

ஐந்து வெள்ளி. ரசீது தந்தார்கள்.
தேதியைச் சின்னப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.
கப்பலில் பிறைக்குத் திரும்பும்போதுதான் பார்த்தேன்,
அது ஒரு திங்கட்கிழமை.
மேடான் விமானம் இரண்டு வரும் நாள்.
யாரிடமாவது சொல்லி
ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும்.